சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: தூரம் ஒன்றுதான், நேரம் ஏன் மாறுகிறது?

உங்கள் அம்மாவுக்கு 68 வயது. நியூஜெர்சி எடிசனில் இருக்கும் உங்கள் தங்கையின் பிரசவத்துக்காக சிங்கப்பூரிலிருந்து முதல்முறையாகத் தனியாகப் போகிறார். தேடிப் பார்த்ததில் தூரம் ஓரிடத்தில் 15,349 என்றும், இன்னோரிடத்தில் 9,537 என்றும், வேறோரிடத்தில் 8,288 என்றும் இருக்கிறது. விமானத்தைப் பின்தொடரும் செயலியோ 16,600 கிலோமீட்டர் பறந்ததாகக் காட்டுகிறது. நேரமும் அப்படித்தான்: 17 மணி, 18 மணி 40 நிமிடம், 24 மணி. எதை நம்புவது, அம்மாவை எதில் அனுப்புவது என்று கேட்டிருந்தீர்கள். விமானங்களுக்குப் பாதை போட்டுக் கொடுக்கும் வேலையில் 20 வருடங்களுக்கு மேல் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எண்கள். 15,349 கிலோமீட்டர், 9,537 மைல், 8,288 கடல்மைல் மூன்றும் ஒரே தூரம்தான். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர், விமானத் துறையில் எல்லாக் கணக்கும் கடல்மைலில்தான் நடக்கும். சில இடங்களில் அலகைப் போடாமல் எண்ணை மட்டும் போட்டுவிடுகிறார்கள், அதனால்தான் இந்தக் குழப்பம். இது சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம். நியூஜெர்சியில் இருக்கும் நியூவர்க் விமான நிலையம் வரை கணக்கிட்டால் 15,344 வரும். வெறும் 5 கிலோமீட்டர் வித்தியாசம். ஆனால் இறங்கிய பிறகு வீட்டுக்குப் போவதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பூமியின் மேல் எந்த இரண்டு ஊரை எடுத்தாலும் அவற்றுக்கு இடையே அதிகபட்சமாக 20,000 கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலாகத்தான் இருக்க முடியும், அதுதான் பூமியின் சுற்றளவில் பாதி. சிங்கப்பூரும் நியூயார்க்கும் அதில் முக்கால் பங்குக்கு மேல் விலகி இருக்கின்றன. நிற்காமல் பறக்கும் பயணிகள் விமானத் தடங்களில் உலகிலேயே மிக நீளமானது இதுதான்.

வீட்டில் பிள்ளைகளுக்கு வாங்கிய உலக உருண்டை இருந்தால் எடுங்கள். ஒரு நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூர் மேல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை நியூயார்க் வரை இழுத்துத் தொய்வில்லாமல் பிடியுங்கள். நூல் பசிபிக் பக்கமும் போகாது, ஐரோப்பா பக்கமும் போகாது. நேராக வடக்கே ஏறி, சீனா, சைபீரியா வழியாக உருண்டையின் உச்சிக்குப் போய், அந்தப் பக்கம் கனடா வழியாக இறங்கும். வட துருவத்திலிருந்து சுமார் 280 கிலோமீட்டர் தள்ளித்தான் அந்தக் கோடு போகிறது. இரண்டு ஊர்களின் தீர்க்கரேகைகளுக்கும் இடையே கிட்டத்தட்ட 178 பாகை. அதாவது நியூயார்க் நமக்குக் கிழக்கேயும் இல்லை, மேற்கேயும் இல்லை, உச்சிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சுவரில் மாட்டும் தட்டையான வரைபடத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது நம்பும்படி இருக்காது. நூலைப் பிடித்துப் பார்த்தால்தான் புரியும். நான் வேலையில் சேர்ந்த புதிதில் எங்கள் மூத்தவர் முதலில் செய்யச் சொன்னதும் இதைத்தான்.

15,349 என்பது அந்த நூலின் நீளம். இவ்வளவு நீளம் பறக்கிற ஏர்பஸ் ஏ350 விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும். வகுத்துப் பாருங்கள், 17 மணி நேரம் வரும். தூரம் பார்க்கும் தளங்கள் சொல்கிற 17 மணி இப்படி வந்ததுதான். காகிதக் கணக்கு, அவ்வளவுதான். அதை வைத்து யாரையும் விமான நிலையத்துக்கு அழைக்கப் போய்விடாதீர்கள்.

உண்மையில் விமானம் அந்த நூல் வழியே போவது அபூர்வம். காரணம் காற்று.

தரையிலிருந்து 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஓடும் காற்று ஆறுகள் இருக்கின்றன. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே இது மிகவும் பலமாக இருக்கும். மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. இதை முதலில் அளந்தவர்களில் ஒருவர் ஓயிஷி வசாபுரோ என்ற ஜப்பானிய வானிலை அறிஞர். 1920களில் பலூன்களை மேலே விட்டு, அவை போகும் வேகத்தைக் குறித்துவைத்தார். எல்லா நாட்டவரும் படிக்கட்டும் என்று, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பராந்தோவில் 1926-இல் வெளியிட்டார். அந்த மொழி தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், அதனால் அந்த ஆய்வு வெளியுலகின் கண்ணில் அதிகம் படவில்லை. பின்னர் இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மேல் உயரத்தில் பறந்த அமெரிக்க விமானிகள் அந்தக் காற்றில் மாட்டித்தான் அதைத் தெரிந்துகொண்டார்கள். எனக்கு அந்த மனிதர் மேல் எப்போதும் ஒரு தனி மரியாதை உண்டு. நாங்கள் அன்றாடம் மேசையில் விரித்துவைத்த காற்று வரைபடத்தின் முதல் கோடுகள் அவர் போட்டவை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நூல் வழியே 15,349 கிலோமீட்டர் போகிறீர்கள், வழியில் சராசரியாக 80 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையைப் பொறுத்தவரை வேகம் 820 ஆகிவிடும், பயணம் 18 மணி 40 நிமிடத்தைத் தாண்டும். அதே விமானம் வளைந்து 16,500 கிலோமீட்டர் போகிறது, ஆனால் சராசரியாக 60 கிலோமீட்டர் பின்காற்று. வேகம் 960. பயணம் 17 மணி 10 நிமிடம்தான். ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் சுற்றிப் போயும் ஒன்றரை மணி நேரம் மிச்சம். மணிக்குச் சுமார் 6 டன் எரிபொருள் குடிக்கும் விமானத்துக்கு ஒன்றரை மணி என்பது 9 டன். அதனால் ஒவ்வொரு நாளும் அன்றைய காற்றைப் பார்த்துத்தான் பாதை போடுவார்கள். நேற்றுப் போன வழியில் இன்று போக வேண்டும் என்பது கிடையாது. செயலியில் நீங்கள் பார்த்த 16,600 அந்த ஒரு நாளில் அந்த விமானம் உண்மையிலேயே கடந்த தூரம். அடுத்த நாள் பார்த்தால் வேறு எண் இருக்கும்.

காற்று மட்டும் இல்லை. சில நாடுகளின் வான்வெளி சில காலங்களில் மூடப்படும். 2022-க்குப் பிறகு ரஷ்யாவுக்கு மேலே பறப்பதைப் பல நிறுவனங்கள் விட்டுவிட்டன. மேலே போகும்போது ஓர் இன்ஜின் நின்றால் எத்தனை நிமிடத்தில் ஒரு விமான நிலையத்தில் இறங்க முடியும் என்ற விதியும் இருக்கிறது. துருவப் பகுதியில் எரிபொருள் உறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜெட் ஏ-1 எரிபொருள் உறையும் அளவு மைனஸ் 47 பாகை செல்சியஸ். இதையெல்லாம் பாதை போடுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள், உங்கள் அம்மா கவலைப்பட ஒன்றும் இல்லை.

இந்தத் தடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். போகும்போது பல நாட்களில் விமானம் ஜப்பான் பக்கம் ஏறி, பசிபிக் கடலைக் கடந்து, கிழக்கு நோக்கிப் போகும். திரும்பும்போது வந்த வழியே வருவதில்லை. நியூயார்க்கிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து, ஐரோப்பா மேலாக, மறுபடியும் கிழக்கு நோக்கியே வரும். இரண்டு தடவையும் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது. அப்படிப்பட்ட நாட்களில் போய்விட்டு வந்தவர் பூமியை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டுத்தான் வீடு திரும்பியிருப்பார். நியூயார்க் உச்சிக்கு அந்தப் பக்கம் இருப்பதால்தான் இது முடிகிறது. எந்தப் பக்கமாகப் போனாலும் பெரிய நஷ்டமில்லை.

டிக்கெட்டில் இருக்கும் நேரத்துக்கு வருவோம். 18 மணி 40 நிமிடம், 18 மணி 50 நிமிடம் என்று போட்டிருப்பது வானில் பறக்கும் நேரம் மட்டும் அல்ல. சாங்கியில் கேட்டை விட்டு விமானம் நகரும் நிமிடத்திலிருந்து, அங்கே கேட்டில் வந்து நிற்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், வரிசையில் நிற்பதும் அதில் சேர்த்திதான். கென்னடி மாதிரி நெரிசலான இடத்தில் கிளம்பும்போது அரை மணி நேரம் ஊர்வது ஒன்றும் ஆச்சரியமில்லை. அதுபோகப் பருவத்துக்கு ஏற்பக் காற்று மாறுவதால் அட்டவணையிலும் நேரத்தை மாற்றுவார்கள். ஆகவே 17 மணி 20 நிமிடத்தில் தரையிறங்கினாலும் ஆச்சரியப்பட வேண்டாம், அட்டவணைப்படியே போய்ச் சேர்ந்தாலும் தாமதம் என்று நினைக்க வேண்டாம்.

அடுத்தது தேதி. குடும்பங்கள் அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான்.

சிங்கப்பூர் நேரம் உலகப் பொது நேரத்துக்கு 8 மணி முன்னால். (1981 கடைசி வரை ஏழரை மணியாக இருந்தது, 1982 ஜனவரி 1 முதல்தான் எட்டு.) நியூயார்க் குளிர்காலத்தில் 5 மணி பின்னால், கோடையில் 4 மணி பின்னால். ஆக, குளிர்காலத்தில் இடைவெளி 13 மணி. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை சரியாக 12 மணி. கோடையில் போனால் அம்மா கைக்கடிகாரத்தைத் தொடவே வேண்டாம். முள் அப்படியே இருக்கும், பகல் இரவு மட்டும் இடம் மாறும். வயதானவர்களுக்கு இது பெரிய வசதி. இங்கே காலை 9 என்றால் அங்கே முந்தின நாள் இரவு 9, அவ்வளவுதான்.

உதாரணத்துக்குக் கோடையில் ஒரு திங்கட்கிழமை இரவு 11.35-க்கு சாங்கியில் கிளம்பி 18 மணி 40 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர்க் கணக்கில் செவ்வாய் மாலை 6.15. பன்னிரண்டைக் கழித்தால் நியூயார்க்கில் செவ்வாய் காலை 6.15. முழு நாளும் பயணம் செய்துவிட்டு மறுநாள் விடியற்காலையில் இறங்குகிறார். பசிபிக் வழியாகப் போனால் ஜன்னலோரத்தில் இன்னொன்றையும் பார்க்கலாம். ஜப்பானைத் தாண்டும் வேளையில் கீழ்வானம் சிவக்கும், அது செவ்வாய்க்கிழமை. சர்வதேசத் தேதிக்கோட்டைக் கடந்ததும் திங்கட்கிழமை ஆகிவிடும். அந்தத் திங்கட்கிழமைப் பகல் வேகமாக ஓடிக் கழிந்து மறுபடியும் இருட்டும். நியூயார்க்கை நெருங்கும்போது செவ்வாய்க்கிழமை இரண்டாவது முறையாக விடியும். கோடையில் விமானம் வடக்கே அதிகம் ஏறினால் நடுவில் முழு இருட்டு வராமலும் போகலாம்.

திரும்பும்போது கதை வேறு. நியூயார்க்கில் திங்கள் இரவு 10.30-க்குக் கிளம்பி 18 மணி 50 நிமிடம். அங்கே செவ்வாய் மாலை 5.20. பன்னிரண்டைக் கூட்டினால் சிங்கப்பூரில் புதன் காலை 5.20. டிக்கெட்டில் வந்துசேரும் நேரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் +2 என்று இருக்கும். அந்த +2-ஐ யாரும் கவனிப்பதில்லை. என் மாமனார் இப்படித்தான் ஒருமுறை அமெரிக்காவிலிருந்து வந்தார். திங்கள் கிளம்பினால் செவ்வாய் வருவார் என்று நாங்களே முடிவுசெய்து, செவ்வாய் விடியற்காலையில் குழந்தைகளோடு சாங்கி போய் நின்றோம். தகவல் பலகையில் அவர் விமானமே இல்லை. போனும் எடுக்கவில்லை. என் மனைவி அழத் தொடங்கிவிட்டாள். அந்த நேரம் அவர் அமெரிக்காவிலிருந்து இன்னும் கிளம்பவே இல்லை, மறுநாள்தான் வர வேண்டியவர். இத்தனைக்கும் பாதை போடுகிற வேலைக்காரன் நான். அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதலில் சொல்வது, அழைக்கப் போகும் தேதியை உள்ளூர்க் கணக்கில் கிழமையோடு எழுதி குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள் என்பதைத்தான்.

24 மணி நேரம் என்று நீங்கள் பார்த்தது பிராங்க்பர்ட் வழியாகப் போவது. சிங்கப்பூரிலிருந்து பிராங்க்பர்ட் சுமார் 10,280 கிலோமீட்டர், அங்கிருந்து நியூயார்க் சுமார் 6,190. கூட்டினால் 16,470. நூல் வழியைவிட ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர்தான் அதிகம். ஆனால் ஒருமுறை இறங்கி ஏறுவதும், நடுவே காத்திருப்பதும், அட்லாண்டிக் மேல் எதிர்க்காற்றில் போவதும் சேர்ந்து ஐந்து ஆறு மணி நேரத்தைத் தின்றுவிடும்.

டிக்கெட் எடுக்கும்போது ஒரு சொல்லில் கவனமாக இருங்கள். டைரக்ட் என்றால் நிற்காமல் போவது என்று நாம் நினைக்கிறோம். விமானத் துறையில் அப்படி இல்லை. ஒரே எண்ணில் ஓடும் விமானம் நடுவில் ஓரூரில் நின்று போனாலும் அது டைரக்ட்தான். நிற்காமல் போவதற்குப் பெயர் நான்-ஸ்டாப். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பிராங்க்பர்ட் வழி விமானமும் ஒரே எண்ணில்தான் நியூயார்க் போகிறது. முகவரிடம் நான்-ஸ்டாப் என்றே கேளுங்கள்.

நான்-ஸ்டாப் விலை அதிகம், காரணமும் இருக்கிறது. 2004 ஜூனில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் முதன்முதலில் நியூவர்க்குக்கு இப்படிப் பறக்கத் தொடங்கியது. அப்போது ஏர்பஸ் ஏ340-500, நான்கு இன்ஜின். எரிபொருள் செலவு தாங்காமல் 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். ஐந்து வருடம் இந்தத் தடமே இல்லை. பிறகு இரண்டே இன்ஜின் கொண்ட ஏ350-900 விமானத்தை இந்தத் தூரத்துக்கென்றே மாற்றியமைத்து, 2018 அக்டோபரில் மறுபடி தொடங்கினார்கள். கென்னடிக்கு 2020 நவம்பரில். அந்த விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும், சாதாரண ஏ350-900 கொள்வதைவிட 24,000 லிட்டர் கூடுதல். தொட்டி நிறைய நிரப்பினால் சுமார் 130 டன். விமானம் கிளம்பும்போது இருக்கக்கூடிய மொத்த எடையே 280 டன்தான். கிட்டத்தட்ட பாதி எடை எரிபொருள்! வழியில் முதல் பல மணி நேரம், பின்னால் எரிக்கப்போகும் எரிபொருளைச் சுமப்பதற்காகவே எரிபொருளை எரிக்க வேண்டியிருக்கிறது. அதனால் ஆட்களைக் குறைத்தார்கள். எகானமி வகுப்பே கிடையாது. தொடங்கியபோது பிசினஸில் 67, பிரீமியம் எகானமியில் 94, மொத்தம் 161 இருக்கை. குறைந்த விலை டிக்கெட் இந்தத் தடத்தில் கிடைக்காமல் போவது இதனால்தான். எகானமி வேண்டுமென்றால் பிராங்க்பர்ட் மாதிரி எங்காவது நின்றுதான் போக வேண்டும்.

சரி, அம்மாவை எதில் அனுப்புவது? பணம் ஒத்துவந்தால் நான்-ஸ்டாப். தயங்காமல் சொல்கிறேன். 68 வயதில் தனியாக, முதல்முறையாகப் போகிறவருக்கு வானத்தில் 18 மணி நேரம் உட்காருவதைவிடக் கடினமானது, தெரியாத ஊரில் அரைத்தூக்கத்தில் இறங்கி, கைப்பையைத் தூக்கிக்கொண்டு, பாதுகாப்புச் சோதனைக்கு நின்று, மறுபடி சரியான கேட்டைக் கண்டுபிடிப்பது. ஒருமுறை ஏற்றிவிட்டால் நியூயார்க்கில்தான் கதவு திறக்கும் என்ற நிம்மதி உங்களுக்கும் இருக்கும். ஏ350-இல் உள்ளே காற்றழுத்தமும் சுமார் 6,000 அடி மலையில் இருப்பது போல வைத்திருப்பார்கள். பழைய விமானங்களில் 8,000 அடி வரை போகும். நீண்ட பயணத்தில் தலைவலியும் களைப்பும் இதனால் கொஞ்சம் குறையும்.

ஒரே ஒரு விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. முழங்கால் வீக்கம், காலில் ரத்தம் உறைந்த வரலாறு, இதய நோய் இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவுசெய்யுங்கள். அப்படி ஏதும் இல்லாவிட்டாலும் நடைபாதையை ஒட்டிய இருக்கை வாங்குங்கள். ஜன்னலோரம் கொடுத்தால் பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பக் கூச்சப்பட்டு அம்மா எழுந்திருக்கவே மாட்டார். தண்ணீர் குடித்தால் அடிக்கடி எழ வேண்டும் என்று தண்ணீரையும் குறைத்துக்கொள்வார். நம் அம்மாக்கள் எல்லோரும் அப்படித்தான். ஒன்றரை மணிக்கு ஒருமுறையாவது எழுந்து நடக்கச் சொல்லுங்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், பகல் இரவு தலைகீழாகும்போது எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். இன்சுலின் போடுகிறவருக்கு இது மிக முக்கியம். விமானம் முழுக்க சிங்கப்பூர் நேரப்படி ஒரு தாள், இறங்கிய பின் நியூயார்க் நேரப்படி ஒரு தாள் என்று இரண்டாகக் கொடுத்தால் குழப்பமே இருக்காது. மாத்திரைகளைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.

எந்த விமான நிலையம் என்று கேட்டீர்களானால் நியூவர்க். எடிசனிலிருந்து அது சுமார் 30 கிலோமீட்டர்தான். கென்னடியில் இறங்கினால் நியூயார்க் நகரத்தைக் குறுக்கே கடந்து வர வேண்டும். காலை நெரிசலில் இரண்டு மணி நேரம் கூட ஆகலாம். நிறைமாதத்தில் இருக்கும் உங்கள் தங்கையோ அவர் கணவரோ அந்த நேரத்தில் அவ்வளவு தூரம் அலைய வேண்டாம்.

சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் எடுக்கும்போதே பதிவுசெய்யுங்கள். நடக்க முடிகிறவராக இருந்தாலும் பரவாயில்லை. குடிநுழைவு வரிசை நீளம், நிற்க முடியாது. அதோடு கூட்டிப்போகிறவர் ஒருவர் இருப்பது மொழிக்கும் உதவும். சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் அதையும் முன்பே சொல்லிவைக்க வேண்டும். பிரசவ லேகியம், ஊறுகாய், பொடி எதைக் கொண்டுபோனாலும் இறங்கியதும் உணவுப் பொருள் இருக்கிறது என்று மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். பச்சைக் கறிவேப்பிலை மட்டும் வேண்டாம். எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் நோய் பரவும் என்று அமெரிக்காவில் அதற்குத் தடை.

தங்கையின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஆங்கிலத்தில் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, கடவுச்சீட்டுக்குள் வைத்துவிடுங்கள். குடிநுழைவு அதிகாரி முதலில் கேட்பது எங்கே தங்கப்போகிறீர்கள் என்பதைத்தான். போனில் சார்ஜ் இல்லாவிட்டாலும் அந்த அட்டை இருக்கும்.